ஆயா வீட்டுச் சுவரில் கோட்டு போட்ட தாத்தா

முத்தியால்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கும். தாத்தாவும் ஆயாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். தாத்தா கோட்டு போட்டு, டை கட்டி, கவர்னர் மாளிகை விருந்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருப்பார். ஆயா பட்டுப்புடவையில். பின்னால் மாடிப்படி, பூந்தொட்டி, திரைச்சீலை. சின்ன வயதில் அந்தப் படத்தை நம்பி, பள்ளிக்கூடத்தில் "எங்க தாத்தா ரொம்பப் பெரிய ஆளு" என்று அளந்துவிட்டிருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், தாத்தா ஜென்மத்தில் கோட்டு போட்டதே கிடையாது. மில்லில் வேலை. வேட்டி, அரைக்கைச் சட்டை, அவ்வளவுதான். அவர் போன பிறகு தேடிப் பார்த்தால், ஆயாவோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இருந்தது ஒரே ஒரு குரூப் போட்டோ. மில் ஆட்களோடு மூன்றாவது வரிசையில் நிற்கிறார். அதை எடுத்துக்கொண்டு ஆயா ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார். ஸ்டுடியோக்காரர் தாத்தாவின் தலையை மட்டும் பெரிதாக்கி வெட்டி, கைவசம் இருந்த ஒரு கோட்டு உடம்பின் மேல் ஒட்டி, ஆயாவைப் பக்கத்தில் சேர்த்து, கழுத்தில் தெரிந்த வெட்டை பிரஷ்ஷால் மறைத்து, மறுபடி படமெடுத்துக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரை யாரும் கண்ணால்கூடப் பார்க்காத காலம் அது.

இதில் யாரும் ஏமாறவில்லை. ஆயாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் படத்துக்கு ஆயா தினமும் பூ வைப்பார்.

ஆனால் போன வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. பிரான்ஸில் இருக்கும் என் பெரியம்மா பையன், தன் மகளின் பள்ளிக்கூட வேலைக்காக அந்தப் படத்தை அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்து போன். "டேய், தாத்தா சொல்தாவா இருந்தாராடா? எந்த வருஷம் பட்டாளத்துல சேர்ந்தார்?" பாண்டிச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே 'சொல்தா' என்போம். கோட்டைப் பார்த்ததும் அவன் மனசில் தாத்தாவுக்கு ஒரு பென்ஷனே சாங்ஷன் ஆகிவிட்டது. :-)

ஆயாவிடம் சொன்னேன். சிரிசிரியென்று சிரித்துவிட்டு, "கோட்டு ஸ்டுடியோக்காரன்துடா, மொகம் மட்டும்தான் அவருது" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்கு முழுசாக வரவில்லை. ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நானே ஒரு படத்தில் கைவைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஜனங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் தெருவிலும் தண்ணீர். ஆனால் எங்கள் தெருவில் அது முழங்காலுக்குக் கீழேதான். மறுநாள் காலையில் மாடியில் நின்று ஒரு படம் எடுத்தேன். தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர். மூலையில் ரெண்டு பொடிப் பசங்கள் கணுக்கால் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம்.

படம் 'சரியாக' வரவில்லை என்று தோன்றியது. போனில் அழிக்கிற வசதி இருக்கிறதல்லவா, விரலால் பசங்களைத் தேய்த்தேன். போய்விட்டார்கள். குடத்தையும் தேய்த்தேன். கொஞ்சம் இருட்டாக்கினேன். இப்போது ஆள் நடமாட்டமே இல்லாத, ஆழம் தெரியாத வெள்ளம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "எங்க தெரு" என்று ஒரே வரி போட்டு அனுப்பினேன். அந்த வரியில் பொய் இல்லை. எங்கள் தெருதான்.

அரை மணி நேரத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. காரைக்காலில் இருக்கும் என் அத்தை அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் பண்ணினார். அத்தையைச் சமாதானம் செய்துவிடலாம், செய்தோம். அடுத்து நடந்ததற்குத்தான் எனக்கு இன்றைக்கும் பதில் இல்லை. சாயங்காலம் அதே குழுவில் ஒரு தோழி படம் போட்டாள். அவள் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர், அதன்மேல் மிதக்கும் அரிசி டப்பா. பாட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதற்குள் என் படத்தின் கதை வெளியே வந்துவிட்டிருந்தது. அவள் படத்துக்குக் கீழே வந்த முதல் பதில்: "இதுவும் எடிட்டா?"

கேட்டவன் கெட்டவன் இல்லை, காலையில் என் படத்தை நம்பியவன். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் போனார்கள், பாட்டியைக் கூட்டி வந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் காரணம் நான்.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரையின் சாரம். மாற்றிய படத்துக்கான தண்டனை அதற்கே கிடைப்பதில்லை, அடுத்து வருகிற உண்மைப் படத்துக்குத்தான் கிடைக்கிறது.

சரி, இது ஏதோ செல்போன் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். புகைப்படம் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1839-ல் பிரெஞ்சு அரசு தாகேரின் முறையை உலகத்துக்கு அறிவித்தது. இப்போலித் பயார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரும் சொந்தமாக ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார், அவரைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கோபத்தில் 1840-ல் அவர் ஒரு படம் எடுத்தார். சட்டையில்லாமல், கண்மூடி, சாய்ந்து கிடக்கும் பிணம். பிணம் அவரேதான். படத்தின் பின்னால், அரசு கைவிட்டதால் இந்தப் பாவப்பட்ட மனிதர் தண்ணீரில் மூழ்கி உயிரை விட்டார் என்கிற அர்த்தத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். மனிதர் 1887 வரை உயிரோடு இருந்தார்! கவனியுங்கள், அந்தப் படத்தில் ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை. பொய் இருந்தது பின்னால் எழுதிய குறிப்பில்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றிப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பல துண்டுகளாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். அது ஒட்டுப்படம்தான், ஆனால் கல்வெட்டை உள்ளது உள்ளபடி காட்டவே ஒட்டினார். அதே டிரைப் தன் நெகட்டிவ்களில் பிரஷ்ஷால் மேகமும் வரைந்திருக்கிறார். அந்தக் கால ரசாயனம் நீல வெளிச்சத்துக்கு அளவுக்கு மீறி இளகும், அதனால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் பதிவாகும். கண்ணுக்குத் தெரிந்த வானம் படத்தில் வராததால் கையால் போட்டார். ஆக, கை வைத்தாலே பொய் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. வானத்தில் மேகத்தைப் போட்டவர் கல்வெட்டில் ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் படத்தை வைத்து ஒருவரும் சோழர் கல்வெட்டைப் படிக்க முடியாது. எந்த இடத்தில் கை வைக்கிறோம், பார்ப்பவர் எதை நம்பி அந்தப் படத்தைப் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி.

இதற்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கடற்கரையை ஒட்டி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை எல்லோரும் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள், அந்த அழகான காலனிக் கட்டடம். 1955-ல் ழான் ஃபிலியோசா தொடங்கியது. அங்கிருந்து ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்துச் சேர்த்தார்கள். இன்றைக்கு அந்தச் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. காலண்டரில் போடுகிற மாதிரி அழகெல்லாம் இருக்காது. சிலை நிற்கிறது, வெளிச்சம் விழுகிறது, கிளிக். அவ்வளவுதான்.

1958 ஜூன் மாதம் தரங்கம்பாடி பக்கம் அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் இருந்த ராமர், லட்சுமணர், சீதை வெண்கலச் சிலைகளை அப்படி எடுத்து வைத்தார்கள். 1978-ல் அந்தச் சிலைகள் திருடு போயின. நாற்பது வருஷம் கழித்து, லண்டனில் இருப்பவை அதே சிலைகள்தான் என்று நிரூபிக்க, புதுச்சேரி அலமாரியில் இருந்த அந்த 1958 படங்கள்தான் கைகொடுத்தன. 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தார்கள். சாமி ஊருக்கு வந்து சேர்ந்தது.

இன்னொன்று இதைவிடப் பிரபலம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர். அந்தச் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர்கள் கொடுத்த காகிதப்படி அந்தச் சிலை 1970 வாக்கிலேயே கைமாறி இந்தியாவை விட்டுப் போய்விட்டது. காகிதம் பக்காவாக இருந்தது. ஆனால் பிரெஞ்சு நிறுவனத்தின் படம் 1994-ல் எடுத்தது, அதில் நடராஜர் ஸ்ரீபுரந்தானிலேயே இருக்கிறார்! 1970-ல் வெளிநாடு போனவர் 1994-ல் எப்படிக் கோயிலில் நிற்பார்? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்.

இப்படிப் படத்தை வைத்துச் சிலையை அடையாளம் காண்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி ரெண்டு சோழர் காலச் சிலை இருக்காது, மண் அச்சை ஒவ்வொரு வார்ப்புக்கும் உடைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு சிலைக்கும் தனித் தழும்பு உண்டு. இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு சுடர் ஒடிந்தது, பீடத்தில் ஒரு கீறல். இந்தத் தழும்புகள்தான் கைரேகை. இப்போது நினைத்துப் பாருங்கள், 1958-லோ 1994-லோ அந்தப் படமெடுத்தவருக்கு 'கொஞ்சம் அழகு பண்ணலாமே' என்று தோன்றி, பள்ளத்தையும் கீறலையும் தேய்த்து விட்டிருந்தால்? படம் அழகாக வந்திருக்கும். சாமி வந்திருக்காது.

அந்தப் போட்டோகிராபர்களுக்குத் தங்கள் படம் ஒரு நாள் திருட்டு வழக்கில் சாட்சி சொல்லும் என்று தெரியாது. நான் வெள்ளத்தன்று அனுப்பிய படம் இன்னொருத்தியின் படத்தைக் கெடுக்கும் என்று எனக்கும் தெரியாது. எடுக்கும்போது அந்தப் படம் எங்கே போய் நிற்கப் போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. இதுதான் இந்த விவகாரத்தில் கஷ்டமான இடம்.

உண்மையாக நடந்த விஷயத்துக்கே மேக்கப் போட்டுக் கெடுத்த கதைகளும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 3 அன்று பிரதமர் வெள்ளப் பகுதிகளை வானிலிருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படம் வெளியிட்டது. பிரதமர் ஜன்னல் வழியே பார்க்கிறார், கீழே மூழ்கிய வீடுகள் பளிச்சென்று தெரிகின்றன. சில நிமிஷத்தில் ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மூலப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் வேறொரு படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அலுவலகம் படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது. யோசித்துப் பாருங்கள், அவர் வந்தது உண்மை, பார்த்தது உண்மை, சென்னை மூழ்கியது உண்மை. மூன்று உண்மையையும் ஒரு ஜன்னல் கேலிக்கூத்தாக்கிவிட்டது.

2006 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்கும் இதேதான் நடந்தது. பெய்ரூட் மேல் இஸ்ரேல் குண்டு போட்டது உண்மை, புகை எழுந்ததும் உண்மை. ஒரு போட்டோகிராபர் புகையைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கிவிட்டார். ஒரே சுருள் திரும்பத் திரும்ப வருவதை இணையத்தில் எழுதுகிற சாதாரண ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ராய்ட்டர்ஸ் அவரை விலக்கியதோடு நிற்கவில்லை, அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. எல்லாவற்றிலும் அவர் கைவைத்திருக்க மாட்டார். ஆனால் எது சுத்தம் என்று யார் உட்கார்ந்து பார்ப்பது? பொய்யான படத்தின் கடனை உண்மையான படம் அடைக்கிறது என்று மேலே சொன்னேனே, இதுதான்.

நம் மனசுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. 2009 மே மாதம் பிரபாகரன் இறந்துவிட்டார் என்று இலங்கை அரசு அறிவித்தபோது, அவர் தன் சாவுச் செய்தியைத் தானே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற ஒரு படம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அது ஒட்டுவேலை என்று இன்று யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு அதை நம்பிய பலர் முட்டாள்கள் இல்லை, துக்கத்தில் இருந்தவர்கள். மனசு வேண்டுவதைப் படம் காட்டினால் கண் சோதித்துப் பார்ப்பதில்லை. படத்தில் ஏமாற்றுபவன் ஃபோட்டோஷாப்பை மட்டும் நம்பி இறங்குவதில்லை, நம் ஆசையையும் பயத்தையும் நம்பித்தான் இறங்குகிறான்.

இங்கே நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது: "கேமராவே பொய்தானே? கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை, ஓரத்தை வெட்டினால் பாதி உலகம் காணோம்." சரிதான். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து யாரும் அந்த ஊரில் நிறமே கிடையாது என்று நினைப்பதில்லை. பார்க்கிறவனுக்குத் தெரிந்த குறை அது. ஓரம் வெட்டுவது அப்படியில்லை, அதில் நிஜமாகவே பித்தலாட்டம் செய்யலாம். கூட்டத்தின் நடுவில் மட்டும் வெட்டினால் நூறு பேர் ஆயிரம் பேராகத் தெரிவார்கள். அதனால் நான் கருவியைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெட்டியது தெரிந்தால் பார்க்கிறவர் வேறு மாதிரி நினைப்பாரா? ஆம் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது: "அப்படியென்றால் நம்ம ஊர் பேனர்களை என்ன செய்வது?" நல்ல கேள்வி. இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலைக்குள் எத்தனை பேனர் பார்த்திருப்போம். கல்யாண மாப்பிள்ளைக்கு ஒருபக்கம் காமராஜர், மறுபக்கம் சினிமா நடிகர், ரெண்டு பேரும் கைகுலுக்குகிற மாதிரி இருக்கும். காதுகுத்துக் குழந்தை சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்து ஏமாந்தவர் புதுச்சேரியில் ஒருவரும் கிடையாது. பேனர்கள் மேல் எனக்கு வேறு கோபம் உண்டு. 2019-ல் சென்னையில் ஓர் இளம்பெண்ணின் உயிரையே பேனர் வாங்கியது. ஆனால் பொய் சொன்னதாக அதன்மேல் வழக்குப் போட மாட்டேன். அது வேஷம் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

வேஷம் என்று சொல்லாத வேஷம்தான் பிரச்சினை. ஸ்டீவ் மெக்கரி உலகப் புகழ் பெற்ற போட்டோகிராபர், இந்தியாவில் எடுத்த படங்கள் ஏராளம். 2016-ல் அவருடைய படங்கள் சிலவற்றில் ஆட்களும் பொருட்களும் அழிக்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. மழையில் ரிக்‌ஷாவில் போகிறவர்களின் படமும் அதில் ஒன்று. தான் செய்தியாளர் இல்லை, காட்சி வழியாகக் கதை சொல்பவன் என்கிற மாதிரி அவர் விளக்கம் சொன்னார். கதை சொல்லட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷம் அந்தப் படங்களை 'இந்தியா இப்படித்தான்' என்று பார்த்தவர்களுக்கு, கடைசியில் 'அது கதை' என்றால் எப்படி?

மூன்றாவது: "இப்போது போனே மாற்றிவிடுகிறதே, நான் என்ன செய்ய?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பட்டனை அழுத்தியதும் போன் பல பிரேம்களைச் சேர்த்து, இருட்டை வெளுத்து, முகத்தை மழித்துத்தான் கொடுக்கிறது. 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து சாம்சங் போனில் எடுத்தார். போன் அதில் இல்லாத பள்ளங்களையும் சேர்த்துத் தெளிவான நிலாவாகக் கொடுத்தது. இப்போதோ படமே எடுக்காமல், நாலு வரி எழுதினால் படம் வருகிறது. அதனால்தான் என்ன செய்தோம் என்று சொல்லும் பொறுப்பு கூடுகிறது, குறையவில்லை. சட்டத்துக்கும் இது புரிந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், டிஜிட்டல் படத்தைக் கோர்ட்டில் கொடுத்தால் எந்தக் கருவியிலிருந்து வந்தது, அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்று சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

பார்ப்பவர்களாக நாமும் கொஞ்சம் கண்ணைத் திறக்கலாம். நிழல் ஒரே பக்கம் விழுகிறதா, ஒரே இலையோ புகையோ ரெண்டு இடத்தில் இருக்கிறதா, பழைய படமா என்று கூகிளில் தேடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும், சந்தேகம் வந்தால் கோப்பாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சில சமயம் இதெல்லாம்கூட வேண்டாம், ஊர் தெரிந்தால் போதும். "பாண்டி பீச்சில் கடலுக்குள் சூரியன் மறையும் அழகு" என்று வருஷத்துக்கு நாலு படமாவது எனக்கு வருகிறது. ஐயா, நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அதிலிருந்து எழும், ஒரு நாளும் அதற்குள் விழாது. அது காலைப் படமாக இருக்கும், இல்லை வேறு ஊராக இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் சந்தேகப்படு என்று நான் சொல்ல வரவில்லை. அது ரொம்பச் சுலபமான புத்திசாலித்தனம். எல்லாமே எடிட் என்று சொல்லிவிட்டால், தவறு செய்தவனுக்குத்தான் கொண்டாட்டம். எதிரே உண்மையான படத்தை நீட்டினாலும் "இதுவும் எடிட்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். என் தோழியின் பாட்டி தண்ணீரில் உட்கார்ந்திருந்தபோது நம் குழுவில் நடந்தது அதுதான்.

அதனால் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மூலப் படத்தை அழிப்பதில்லை. நடந்ததைக் காட்டுகிறேன் என்று கொடுக்கும் படத்தில் ஆளையோ பொருளையோ சேர்ப்பதும் இல்லை, தேய்ப்பதும் இல்லை. வெளிச்சம் கூட்டினால் பரவாயில்லை, அதைப் பார்த்து யாரும் தவறான முடிவுக்கு வரப்போவதில்லை. அழகுக்காகவோ வேடிக்கைக்காகவோ மாற்றினால், மாற்றியிருக்கிறேன் என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதிவிடுகிறேன். அந்த ஒரு வரியால் படம் அழகு குறைந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு "எங்க தெரு" என்பதோடு "பசங்களை அழிச்சிட்டேன், தண்ணி முழங்காலுக்குக் கீழதான்" என்று எழுதியிருந்தால் அத்தை அழுதிருக்க மாட்டார். எழுதத் தோன்றியிருந்தால் ஒருவேளை அனுப்பியே இருக்க மாட்டேன்.

போன மாசம் ஆயா வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். சுவரிலிருந்து படத்தை இறக்கித் துடைத்தபோது பின்பக்க அட்டையில் பென்சிலால் எழுதினேன்: "தாத்தாவின் முகம் மில் குரூப் போட்டோவிலிருந்து எடுத்தது. கோட்டும் உடம்பும் ஸ்டுடியோவுடையது. தாத்தா இறந்த பிறகு செய்த படம்." பிரான்ஸில் இருக்கும் அந்தக் குட்டிப்பெண் ஒரு நாள் வந்து திருப்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும்.

என்ன எழுதுகிறாய் என்று ஆயா கேட்டார். படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாம் சரி. நாங்க ஒண்ணா வாழ்ந்தது நெசம், அதையும் எழுது" என்றார்.

எழுதினேன். படம் மறுபடி அதே ஆணியில் தொங்குகிறது.